கரும்பலகைக் கறுப்பு

எனக்குக் கைவேலை அவ்வளவாக வராது, டாக்டரம்மா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காகிதக் கப்பல் மடித்துக் காட்டினால்கூட ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அப்படிப்பட்டவள் போன வருஷம் ஒரு காரைக் கட்டி முடிக்கத் துணையாக இருந்தேன். ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் கார். அதைப் பற்றிச் சொல்லாமல் நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். என் தம்பியின் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு நாள் கழிச்சா கூட்டிட்டு வருவீங்க?" என்றீர்கள். அவன் எனக்கு முந்திக்கொண்டு, "ஒண்ணும் செய்ய முடியாதுன்னு புதுக்கோட்டை டாக்டரு அக்காகிட்டச் சொல்லிட்டாருங்க" என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். இப்போது அவன் இங்கே இல்லை. அதனால் சொல்லலாம்.

என் பெயர் இன்னாசியம்மாள். ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். தம்பி இருதயநாதனைப் பெற்ற மூன்றாம் வருஷம் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். இலங்கைத் தோட்டத்துக்குப் போன அப்பா அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போது பதினைந்து வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் படித்தேன், டீச்சர் வேலைக்கும் போனேன். இரண்டு மூன்று இடங்களிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். இவன் கொஞ்சம் பெரியவனாகட்டும் என்றேன். இவன் பெரியவனான பிறகு கேட்பதற்கு யாரும் வரவில்லை. இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் மனசுக்குள் தினமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் கையாளாகச் சேர்ந்து, நல்ல மெக்கானிக் ஆனான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவான். சோப்பு, காபிப்பொடி எல்லாம் வாங்கி வருவான். சாப்பிட்டுக் கை கழுவியதும் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

"நாலு மணி வண்டிக்குக் கெளம்புறேன்க்கா."

"இருந்துட்டு நாளைக்குப் போறது."

"வேல கெடக்குக்கா."

அவன் கெட்டவன் இல்லை. வயசுப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். கீரனூரில் டிரைவர் சந்தனசாமியின் மகள் மரிய செல்வியை அவனுக்குப் பேசி முடித்தார்கள். கன்னியர் மடத்தில் தையல் படித்த பெண். ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பதாக இருந்தது. "கல்யாணத்துக்கப்பறம் நீயும் எங்களோட புதுக்கோட்டைக்கு வந்துறேன்க்கா" என்று ஒருமுறை சொன்னான். பஸ் ஏறும் அவசரத்தில், படியில் கால் வைத்துக்கொண்டு சொன்னான். நான் பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அந்த விபத்து நடந்தது. பஸ் டயருக்குக் காற்று அடிக்கும்போது அதன் இரும்பு வளையம் தெறித்து அவன் முகத்தில் அடித்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தலை முழுக்கக் கட்டு. புதுக்கோட்டை டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷர். டீச்சர் என்பதால் எனக்குப் புரியும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"வலது கண்ணு போச்சும்மா. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. இடது கண்ணுல லென்ஸுதான் அடிபட்டுக் கலங்கிட்டு வருது. கொஞ்ச நாள்ல மோர் மாதிரி ஆயிரும். பயப்படாதீங்க. புண்ணு ஆறினதும் ரெண்டு மூணு மாசத்துல திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆபரேஷன் பண்ணி அத எடுத்துட்டு, கனமான கண்ணாடி போட்டுக்கிட்டா பார்வை வந்துரும்."

இன்னும் ஒன்றும் சொன்னார். அதைச் சொல்லும் இடம் வரும்போது சொல்கிறேன்.

அவனிடம் சொல்லிவிடத்தான் உள்ளே போனேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் கையை நீட்டித் துழாவினான். பிடித்துக்கொண்டேன். அவ்வளவு இறுக்கமாக அவன் என் கையைப் பிடித்தது சின்ன வயசில்தான்.

"எங்கயும் போயிராதக்கா."

"போகலடா. இங்கதான் இருக்கேன்."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"கஷ்டம்தான்னு சொன்னாரு" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டி நினைத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் விவரமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். வீட்டுக்குப் போனோம். புண் ஆறட்டும் என்று இருந்தேன். புண் ஆறியது. பள்ளிக்கூடம் லீவு விடட்டும் என்று நினைத்தேன். லீவும் வந்து போனது. அதற்குள் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். கேட்காதவனிடம் நானாக எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிக்கொண்டேன்.

டாக்டரம்மா, சாயங்காலம் நான் தெருமுனையில் வரும்போதே என் செருப்புச் சத்தம் அவனுக்குத் தெரிந்துவிடும். "அக்கா, வந்துட்டியா" என்று உள்ளிருந்து குரல் வரும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டுப் பூட்டை நான்தான் திறந்து நுழைந்திருக்கிறேன். எனக்காக ஒரு ஆள் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவன் இருட்டில் இருந்த நாட்கள் எனக்கு நல்ல நாட்களாக இருந்தன.

இனி காரைப் பற்றி. விபத்துக்கு முந்தின வருஷம், சித்தன்னவாசல் பார்க்க வந்த ஒரு அமெரிக்காக்காரரின் வண்டி கீரனூர் ரோட்டில் நின்றுபோயிருக்கிறது. இருதயநாதன்தான் போய்ச் சரி செய்து கொடுத்தான். அவர் ஊருக்குப் போனதும் அவனுக்கு ஒரு பெட்டி அனுப்பிவைத்தார். உள்ளே ஒரு காரின் துண்டுகள், ஒட்டிக்கொள்ளப் பசைக் குழாய், எப்படிக் கட்டுவது என்று இங்கிலீஷில் அச்சடித்த தாள். கல்யாணத்துக்கு அப்புறம் சாவகாசமாகக் கட்ட வேண்டும் என்று பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தான். ஷெட்டிலிருந்து அவன் சாமான்களைக் கொண்டுவந்து போட்டபோது அது அவன் கையில் தட்டுப்பட்டது.

"அக்கா, இதப் பிரிச்சு, மூடியில என்ன படம் போட்டிருக்குன்னு சொல்லு."

நான் பார்த்துச் சொன்னேன். நீலக் கார். இரண்டு பேர் உட்காரும் இடத்துக்கு மேலே தனித்தனியாகக் கண்ணாடிக் கூண்டு, கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி. பின்னால் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு போல நீட்டிக்கொண்டு இருந்தது. எனக்கு அது காராகவே தெரியவில்லை.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இது எந்த ரோட்டுலயும் ஓடாதுக்கா. இன்னும் இருவது முப்பது வருசம் கழிச்சுக் கார் இப்பிடித்தான் இருக்கும்னு காட்டுறதுக்காகக் கம்பெனிக்காரன் ஒண்ணே ஒண்ணு செஞ்சு கண்காட்சியில வச்சானாம். அதோட பொம்மை இது. கட்டிருவோமாக்கா?"

"ஒனக்குக் கண்ணு..." என்றேன்.

"ஒனக்குக் கண்ணு இருக்குல்ல. எனக்குக் கை இருக்கு."

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முற்றத்தில் பாயை விரித்து உட்காருவோம். துண்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் காம்பில் முருங்கை இலை மாதிரி வரிசையாக ஒட்டியிருக்கும். அவன் ஒவ்வொன்றாக முறித்து, நகத்தால் பிசிறு தேய்த்து, விரல் நுனியால் தடவிப் பார்ப்பான். நான் தாளைப் படித்துத் தமிழில் சொல்வேன். பாதிக்கு மேல் எனக்கே புரியாது.

"பதினாலாம் நம்பர ரெண்டாம் நம்பர் மேல ஒட்டச் சொல்லிருக்கு."

"அது என்ன மாதிரி இருக்கு?"

"நீளமா, நடுவுல ஒரு குண்டு மாதிரி."

"பின்னாடி ஆக்ஸில்க்கா. அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று சிரிப்பான்.

அந்தப் பசைக்குப் பெட்ரோலும் பழுத்த வாழைப்பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. வீடு முழுக்க அந்த வாசனைதான் அடிக்கும். ஒட்டிய துண்டை அவன் பிடித்துக்கொண்டிருக்கும்போது நான் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டிருக்கிறேன். இருபத்தைந்து வயசுப் பிள்ளை, வாயைத் திறந்து வாங்கிக்கொள்வான்.

கார் சீக்கிரம் முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. ஒருநாள் ஸ்டியரிங் சக்கரத்தை எடுத்து என் தையல் டப்பாவில் போட்டு வைத்தேன். ஒரு பட்டன் அளவுதான் இருக்கும். அவன் முற்றம் முழுக்கத் தவழ்ந்து இரண்டு உள்ளங்கையாலும் தரையைத் தடவித் தடவித் தேடினான். நானும் கூடவே குனிந்து தேடினேன். "பெருக்கும்போது போயிருச்சோ என்னமோ" என்று வருத்தப்பட்டேன். பத்து நாள் கழித்து, குதிருக்கு அடியில் கிடந்தது என்று எடுத்துக் கொடுத்தேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதுவரைக்கும் நடந்ததை நீங்கள் மன்னித்தாலும் மன்னிக்கலாம். தனியாக இருந்து பழகிய பெண், கொஞ்சம் புத்தி பேதலித்துவிட்டாள் என்று நினைக்கலாம். இதற்கு மேல் அப்படி நினைக்க முடியாது.

காலையில் அவன் கிழக்குப் பார்த்து உட்காருவான். "வெளிச்சம் மாதிரி இருக்குக்கா" என்பான். முகத்தில் வெயில் சுடுகிறது, அதுதான் அப்படித் தெரிகிறது என்று சொல்லி வைத்திருந்தேன். நம்பினான். ஒரு சனிக்கிழமை காலையில் அவன் பம்பர் துண்டைக் கையில் எடுத்தான். அந்தப் பெட்டியில் பம்பர், சக்கர மூடி, முன்பக்க அலங்காரத் துண்டுகள் எல்லாம் வெள்ளி முலாம் பூசிக் கண்ணாடி மாதிரி மின்னும். அவன் அதைத் தடவிப் பார்ப்பதற்காக முகத்துக்கு நேராகத் தூக்கித் திருப்பினான். வெயில் அதில் பட்டது. அவன் கை அப்படியே நின்றுபோயிற்று.

"அக்கா."

"என்னடா?"

"இங்கிட்டு என்னமோ மினுங்குச்சு." மறுபடி திருப்பினான். "இந்தா, அங்கிட்டுப் போகுது. நான் திருப்புனா அதுவும் திரும்புது. அக்கா, எனக்குத் தெரியுதுக்கா!"

எழுந்து நின்றுவிட்டான். துண்டை மேலும் கீழும் ஆட்டுகிறான், சிரிக்கிறான், கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. வெயில் சுடுவதால் என்று இதற்குச் சொல்ல முடியாது. வெயில் நகராது.

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "கால எடுத்தவங்களுக்கு இல்லாத கால் அரிக்குமாம்டா. டாக்டரு சொன்னாரு. கண்ணுக்கும் அப்பிடித்தானாம். நரம்பு வேல காட்டும். நம்பி ஏமாந்துறக் கூடாதுன்னாரு." குரல் நடுங்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன்.

அவன் மெல்ல உட்கார்ந்தான். "திருச்சியிலயும் ஒரு தடவ போய்க் காட்டுவோமாக்கா?" என்று கேட்டான்.

"காட்டுவோம்" என்றேன்.

மத்தியானம் அவன் தூங்கினான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்ட் ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தது. எடுத்து வந்தேன். வெள்ளித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியில் குத்தி நிறுத்தி, பின்பக்கம் முன்பக்கம் ஓரம் எதையும் விடாமல் அடித்தேன். மினுக்கம் கொஞ்சமும் தெரியக் கூடாது என்று இரண்டு தடவை அடித்தேன். கைவேலை வராது என்று சொன்னேனே, அன்று மட்டும் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

மறுநாள் அவன் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா சொரசொரன்னு இருக்கு?" என்றான்.

"படத்துல இது கறுப்பா இருக்குடா. வெறுமன விட்டா நல்லாருக்காதுன்னு கலர் அடிச்சேன்."

"எனக்காகவா?"

"ஒனக்காகத்தான்."

பம்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் போய் நின்றான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் நின்றான். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே வந்து அதைப் பாயில் வைத்தான். "நீ சொன்னது சரிதான்க்கா. நரம்புதான் போல" என்றான். அதன் பிறகு அவன் திருச்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். வகுப்பில் ஒரு பிள்ளையை அடித்தது, பூசைக்கு நேரம் கழித்து வந்தது, இப்படிச் சின்னப் பாவங்களைச் சாமியாரிடம் சொல்வேன். அவர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்குவேன். தம்பியைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவேன். "இப்படியொரு அக்கா யாருக்குக் கிடைக்கும்" என்று பெண்கள் சொல்லும்போது தலை குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் மரிய செல்வி ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். வீட்டில் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டார்கள், தனக்கு மட்டும் மனசு ஆறவில்லை, அவரைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவன் யாரையும் பார்க்க விரும்பவில்லை, வந்தால் மனசு இன்னும் உடைந்துபோவான் என்று சொல்லி அனுப்பினேன். அவனிடம், செல்விக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம் என்றேன். "நல்லாருக்கட்டும்க்கா" என்றான்.

கார்த்திகையில் கார் முடிந்தது. அலமாரியில் அதன் பெட்டி மேலேயே வைத்தான்.

இப்போது அந்தப் புதுக்கோட்டை டாக்டர் சொன்ன இன்னொன்றைச் சொல்ல வேண்டும். "நடுவுல எப்பயாவது கண்ணு சிவந்து, தலைவலியும் வாந்தியும் வந்தா அன்னைக்கே கூட்டிட்டு ஓடிறணும்மா. ஒருநாள்கூட நிக்கக் கூடாது. உள்ள அழுத்தம் ஏறி நரம்பக் கொன்னுரும். அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் புரிந்ததற்கு அடையாளமாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். திருப்பிச் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவனுக்குத் தலைவலி ஆரம்பித்தது. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தான். சுவரில் தலையை முட்டிக்கொண்டான். "அக்கா, தாங்க முடியலக்கா" என்றான்.

வாசலில் வண்டி நின்றது, டாக்டரம்மா. பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் கீரனூருக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு இருந்தார். "தம்பிக்கு என்ன டீச்சர், கூட்டிட்டுப் போவமா?" என்று அவரே கேட்டார்.

"பித்தம்தாங்க. சீரகத் தண்ணி குடுத்திருக்கேன், சரியாப்போயிரும்" என்றேன்.

வண்டி போய்விட்டது. நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியில் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வரவில்லை. டாக்டர் சொன்ன மூன்று அடையாளமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இது முடிந்துவிட்டால் இனி யாரும் அவனை எங்கேயும் கூட்டிப்போக வேண்டியிருக்காது, நானும் இனிப் பொய் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வலி குறைந்தது. நாலாம் நாள் காலையில், வெயில் முற்றத்துக்கு வந்த பிறகு, அவன் பாயில் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, விடிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

அதற்கு முன்னால் அவன் அப்படிக் கேட்டதில்லை.

"விடிஞ்சிருச்சுடா" என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். இதை வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

கிறிஸ்துமஸ் கழிந்து மரிய செல்வி மறுபடி வந்தாள். இந்தத் தடவை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் எழுந்திருப்பதற்குள் முற்றத்தில் அவன் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான்" என்றாள்.

அவனுக்குக் குரல் தெரிந்துவிட்டது. "செல்வியா? ஒனக்கு வேற எடத்துல முடிஞ்சிருச்சுன்னாங்க."

"யாரு சொன்னா? நீங்கதான் என்னையப் பாக்க மாட்டேன்னீங்களாம்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். பார்வை இல்லாதவனும்தான். நான் காபி போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்தே எல்லாம் கேட்டது. அவன் அலமாரியைத் துழாவிக் காரை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நானும் அக்காவும் கட்டுனது. கறுப்பு அக்கா அடிச்சது."

அவள் தையல்காரி. நிறம் அவள் கண்ணுக்குத் தப்பாது. பெட்டி மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"படத்துல இது வெள்ளியாவுல்ல இருக்கு?"

"எது?"

"முன்னாடி இருக்கற பம்பரு. சக்கரத்து மூடியும் வெள்ளிதான்." நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. "இந்தா, உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கே. இத எதுக்கு டீச்சர் கறுப்ப வச்சு மூடுனீங்க?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பான் என்று நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவன், அவளிடம்தான் பேசினான்.

"செல்வி, நாளைக்கு என்னையத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறியா?"

மறுநாள் காலை பஸ்ஸில் மூன்று பேரும் வந்தோம். பையை நான்தான் தூக்கிக்கொண்டேன். அவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு நீங்கள் விளக்கை அடித்துப் பார்த்தீர்கள். நரம்பு செத்துவிட்டது, ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் இந்தக் கண் பிழைத்திருக்கும் என்றீர்கள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். அவன்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னான். என்னைக் காப்பாற்றச் சொன்னானா, நானாக வாய் திறந்து இல்லை என்று சொல்வேனா என்று பார்ப்பதற்காகச் சொன்னானா, தெரியவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மரிய செல்வி ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தினாள். அவனை ஏற்றிவிட நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். அவன் என் கையைத் தொட்டுப் பார்த்து, யாருடையது என்று தெரிந்ததும் விட்டுவிட்டான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான். பிறகு நான் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாகத்தான் சொன்னான்.

"நீங்க அடுத்த பஸ்ல வாங்க."

கத்தவில்லை, ஏசவில்லை. பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று சொன்ன பிள்ளை. சத்திரத்தில் முகம் தெரியாதவர்களிடம் வழி கேட்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னான். ரிக்‌ஷா போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்புறம்தான் உங்களிடம் வந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தக் கண்ணைக் கெடுத்தவள் நான்தான். உங்கள் தாளில் என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், போலீசில் சொல்ல வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். ஆனால் சீக்கிரம் எழுதுங்கள், டாக்டரம்மா. நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கோபத்தில் போயிருக்கிறான், கோபம் ஆறினால் வீட்டுக்குத்தான் வருவான். அவனுக்கு வெந்நீர் எந்தச் சூட்டில் வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பார்வை இல்லாத பிள்ளை, நான் இல்லாமல் என்ன செய்வான்?